சொம்பு என்ன பாவம் செய்தது?

யாரைப் பற்றியாவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், ‘சொம்பு’ என்று ஒரே சொல்லில் வாயை அடைத்துவிடுகிறார்கள். அமைச்சர் செய்த ஒரு காரியத்தைப் பாராட்டினால் சொம்பு. எதிர்க்கட்சிக்காரர் சட்டசபையில் கேட்ட கேள்வி நியாயம்தான் என்றால் அதற்கும் சொம்பு. ஒரு நடிகரின் படம் பிடித்திருக்கிறது என்றால் சொம்பு, எங்கள் ஊர்த் தலைமை ஆசிரியை பள்ளிக்கூடத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறார் என்றால் சொம்பு. ‘சொம்பு தூக்கி’ என்று முழுசாகத் திட்டிக்கொண்டிருந்ததுகூடத் தேய்ந்துபோய், இப்போது பாத்திரத்தின் பெயர் மட்டுமே வசவாக நிற்கிறது. தருமபுரி மாவட்டத்தில் பிறந்து, ஒரு சொம்புத் தண்ணீரின் அருமை தெரிந்து வளர்ந்தவள் நான். எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வந்தால் ‘வாங்க, உக்காருங்க’ என்றவுடன் நடக்கிற அடுத்த காரியம், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது. பேச்சு அதற்குப் பிறகுதான். கடன் கேட்க வந்தவராக இருக்கட்டும், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வந்தவராக இருக்கட்டும், வெயிலில் வந்தவர் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிய பிறகுதான் என்ன ஏது என்று விசாரிப்போம். பெண் பார்க்க வருகிறவர்கள், சம்பந்தம் முடிவாகும் வரை கை நனைக்கமாட்டோம் என்று சொல்வதுண்டு. அவர்களும் தண்ணீரை வேண்டாம் என்று சொல்வதில்லை.

அந்தப் பாத்திரத்தை ஒரு நிமிடம் கையில் வாங்கிப் பாருங்கள். அடி உருண்டிருக்கும், கழுத்து ஒடுங்கியிருக்கும், வாய் வெளிப்பக்கமாக விரிந்திருக்கும். அந்தக் கழுத்தில் விரல்கள் தாமாகப் போய் வளைந்துகொள்ளும், கை ஈரமாக இருந்தாலும் நழுவாது. விளிம்பு வெளியே மடிந்திருப்பதால் உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கலாம். ஒரே சொம்பில் திண்ணை முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் எச்சில் படாமல் தாகம் தீர்த்துக்கொள்ளலாம். மாடு கறக்கிறவர் குந்தி உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வதும் அதையேதான். முதல் பீச்சு வெறும் அடியில் விழும்போது கணீரென்று கேட்கும். பால் ஏற ஏற அந்தச் சத்தம் தடித்து, நுரைக்குள் போய் அடங்கும். சொம்பு எவ்வளவு நிறைந்தது என்று எட்டிப் பார்க்காமல் காதாலேயே சொல்லிவிடுவாள் என் ஆயா.

களை வெட்டுகிறவர்களுக்குக் கேழ்வரகுக் கூழ் போசியில் போகும், மொண்டு ஊற்றச் சொம்பும் கூடவே போகும். மோர் வாங்க ஒரு வீட்டுக்குப் போன சொம்பு, திரும்பும்போது வெறுமனே திரும்பாது. இன்னொரு நாள் அந்த வீட்டுச் சொம்பு நம் வீட்டுக்கு வந்தால், நாமும் நாலு தக்காளியோ ஓர் உருண்டைப் புளியோ போட்டுத்தான் அனுப்புவோம். புதுவீடு புகும்போது மாவிலையும் தேங்காயும் வைத்து நூல் சுற்றிக் கலசமாக உட்கார்வது சொம்பு. மாரியம்மன் திருவிழாவில் பூச்சுற்றிக் கரகமாகத் தலையில் ஏறுவதும் சொம்பு. சாவு வீட்டில் நீர்மாலைக்குப் போகிறவர்கள் கையிலும் சொம்பு. பிறந்த பிள்ளையின் முதல் குளியலிலிருந்து கடைசியாக வாயில் விடும் பால் வரை கூடவே வருகிற பாத்திரம் வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன், எதுவும் தோன்றவில்லை.

என் ஆயாவுக்குச் சீராக வந்த பித்தளைச் சொம்பு இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் தோள்பட்டையில், வளைவுக்குச் சற்று மேலே, புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. அந்தக் காலத்துப் பாத்திரக் கடைகளில் சிறு உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டுவார்கள். கொடுத்த தாய்மாமனின் தலைப்பெழுத்து, அவர் ஊர், நாள் எல்லாம் அதில் உண்டு. இத்தனை வருஷம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, நாளைக் குறிக்கும் எண்களில் பாதி மழுங்கிவிட்டன. மாமனின் ஊர்ப் பெயர் மட்டும் விரலால் தடவினால் இன்னும் தெரிகிறது. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கை எழுதிவைக்க இந்தப் பாத்திரத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

செம்பு என்ற உலோகத்தின் பெயர்தான் பாத்திரத்துக்கு வந்து, பேச்சில் சொம்பு ஆனது. பிறகு பித்தளையில் செய்தாலும் எவர்சில்வரில் செய்தாலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. செம்புப் பாத்திரத்தில் இரவெல்லாம் வைத்த தண்ணீர் நல்லது என்று பெரியவர்கள் சொன்னதை வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. பெங்களூரு ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் செத்துப்போனது தெரியவந்தது. ஆனால் பித்தளையில் மோரும் புளியும் நின்றால் களிம்பு ஏறும். அதனால்தான் ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வரும்போது வீட்டுச் சொம்பெல்லாம் வாசலுக்கு வந்துவிடும்.

வெளியூர்க்காரர்களுக்குக்கூட இதன் அருமை தெரிந்திருக்கிறது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியை இந்திய அரசு அழைத்து, நம் நாட்டுத் தொழில் வடிவமைப்புக்கு என்ன செய்யலாம் என்று கேட்டது. 1958-ல் அவர்கள் கொடுத்த அறிக்கையை வைத்துத்தான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. இந்தியா முழுக்கச் சுற்றிப் பார்த்த அவர்கள், தாங்கள் கண்ட பொருட்களிலேயே மிக உயர்ந்தது, மிக அழகானது என்று அந்த அறிக்கையில் எழுதியது லோட்டாவை, அதாவது நம் சொம்பை. எடுப்பது, சாய்ப்பது, இடுப்பில் வைப்பது, கழுவுவது, வெயில் பட்டால் எப்படித் தெரியும் என்பது வரை ஒவ்வொன்றாக யோசித்து, இதைத் தனி ஒரு மனிதன் வடிவமைத்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்று வியந்திருக்கிறார்கள். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், 1855-ல், பிகாரின் ஆரா, முசாபர்பூர் சிறைகளில் கைதிகளிடமிருந்து பித்தளை லோட்டாவைப் பிடுங்கி மண்பாத்திரம் கொடுக்கப் பார்த்தார்கள். சிறைக்குள் கலகம் வெடித்தது. முசாபர்பூரில் ஊர் மக்களே கைதிகளுக்காகத் திரண்டார்கள், கும்பினிக்காரர்கள் பணிந்து லோட்டாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். கையில் விலங்கு இருந்தவர்கள்கூட விட்டுக்கொடுக்காத பாத்திரம் இது. அதன் பெயரை நாம் எவ்வளவு மலிவாக இறைக்கிறோம்!

சரி, தண்ணீருக்கு வருகிறேன். என் வயிற்றெரிச்சலுக்குக் காரணமே அதுதான்.

தருமபுரி பாறை பூமி. மழை குறைவு. ஒகேனக்கல்லில் காவிரி ஆர்ப்பரித்து விழுகிறது என்று ஊரெல்லாம் பார்க்க வருவார்கள். அதே பென்னாகரம் தாலுகாவில் பெண்கள் ஒரு குடத்துக்குக் காடு கரை தாண்டி நடந்திருக்கிறார்கள். கிணறு வற்றியது, போர் போட்டோம். போர் வற்றியது, இன்னும் ஆழமாகப் போட்டோம். ஆழம் போகப்போகப் பாறையிலிருந்து கரைந்து வருகிற ஃபுளோரைடும் தண்ணீரோடு ஏறியது. ஒரு லிட்டர் தண்ணீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எங்கள் மாவட்டத்தில் பல ஊர்த் தண்ணீர் அதைத் தாண்டியது. பல் உருவாகிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புப் பழுப்பாகப் பட்டை விழும், தேய்த்தால் போகாது. நிறைய வருஷம் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகும். காய்ச்சிக் குடித்தாலும் ஃபுளோரைடு போகாது, செம்பில் வைத்தாலும் போகாது. கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிக்கிற பெண்களை எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பார்த்திருப்பீர்கள். வெட்கத்தில் மறைக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். மறைப்பது பல்லை.

வருகிறவருக்கு மனசார நீட்டுகிற சொம்பில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்தும் நீட்டவேண்டியிருந்த ஊர் எங்களுடையது. வேறு தண்ணீர் கிடையாது.

அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எங்களுக்கு அத்தனை பெரிய விஷயம். ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே உண்டு. ஜப்பான் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த திட்டம். 2008-ல் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பி, கொஞ்ச காலம் நின்று, மறுபடி நடந்து, 2013 மே மாதம் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிவைக்கப்பட்டது. ஓர் ஆட்சி ஆரம்பித்ததை இன்னோர் ஆட்சி முடித்துக்கொடுத்தது. நம் ஊர் அரசியலில் இது அடிக்கடி நடக்கிற காரியமா?

இதைத்தான் நான் எங்கள் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். இரண்டு பேர் பெயரையும் போட்டு, நம் பிள்ளைகளின் பல்லைக் காப்பாற்றியவர்கள் என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் ஒருவன் ‘சித்தி அந்தக் கட்சி சொம்பு’ என்றான், இன்னொருவன் ‘இல்லடா, இந்தக் கட்சி சொம்பு’ என்றான். இரண்டு பேருமே நான் தூக்கி வளர்த்த பிள்ளைகள். தண்ணீரைப் பற்றி ஒருத்தனும் ஒரு வரி எழுதவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்து வெள்ளைப் பல்லோடு வளர்ந்தவர்கள், அந்தத் தண்ணீருக்காக நன்றி சொன்னவளைத் தண்ணீர்ப் பாத்திரத்தின் பெயராலேயே திட்டினால் மனசு என்ன பாடுபடும்?

பேச்சு பேச்சோடு போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில் நடந்ததைக் கேளுங்கள். மணமேடையைச் சுற்றி வரும்போது தண்ணீர்ச் சொம்போடு முன்னால் நடக்க வேண்டியவன் மாப்பிள்ளையின் அக்காள் மகன். பிளஸ் டூ படிக்கிற பையன். அவன் பாட்டி சொம்பை விளக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, தண்ணீர் ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். எதிரே நின்ற கூட்டாளிகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ‘டேய் சொம்பு, இந்தப் பக்கம் பாருடா’ என்று கத்தினார்கள். பையனுக்கு முகம் செத்துவிட்டது. சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, ‘என்னால இதெல்லாம் தூக்க முடியாது ஆயா’ என்று கூட்டத்துக்குள் போய்விட்டான். பாட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ‘ஏண்டா சாமி, பாரமாவா இருக்குது? அரைச் சொம்பு தண்ணிதானே ஊத்தினேன்’ என்று அவன் பின்னாலேயே போனாள். மேளம் வாசிக்கிறவர் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கடைசியில் பெண்ணின் சித்தப்பா மகள், எட்டாவது படிக்கிறவள், ‘நான் எடுத்துக்கறேன்’ என்று முன்னால் வந்தாள்.

அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் படம் அன்றைக்கு ராத்திரியே எத்தனை போனுக்குப் போகும், எத்தனை நாள் அவனை அப்படியே கூப்பிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

இந்த வசவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கோபம் இன்னும் கூடுகிறது. பண்ணைக்காரர் வெளியே கிளம்பினால் குடை பிடிக்க ஒருவர், வெற்றிலைப் பெட்டி எடுக்க ஒருவர், தண்ணீர்ச் சொம்போ கூஜாவோ தூக்க ஒருவர் என்று பின்னால் நடந்த காலம் இருந்தது. தூக்கியவர் ஆசைப்பட்டா தூக்கினார்? அன்றைக்குக் கூலி அது, மறுத்தால் அடுப்பு எரியாது. அப்படிப்பட்ட மனிதரைத்தான் ‘சொம்பு தூக்கி’ என்று நையாண்டி செய்கிறோம். தூக்க வைத்தவருக்கு நம் மொழியில் ஒரு வசவும் பிறக்கவில்லை, அவரைப் பற்றிப் பேச்சே கிடையாது. 1994-ல் ‘நாட்டாமை’ படம் வந்த பிறகு ஆலமரம், ஜமுக்காளம், பக்கத்தில் ஒரு சொம்பு என்று கிராமத்தைக் காட்டுவதே வழக்கமாகி, பஞ்சாயத்துக் காமெடிக்கெல்லாம் அந்தச் சொம்பை இழுத்தார்கள். பஞ்சாயத்தில் நாள் முழுக்கப் பேசுகிறவர்களுக்குத் தொண்டை வறளும், அதற்காக வைத்த தண்ணீர் அது.

சொம்பு எல்லாருக்கும் ஒரேமாதிரி நீட்டப்பட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். வீட்டுக்குள் வந்தவருக்குச் சொம்பு, வாசலுக்கு வெளியே நின்றவருக்குக் குவித்த கையில் மேலிருந்து ஊற்றுவது என்று இருந்த ஊர்கள்தான் இவை. இருந்த என்று இறந்தகாலத்தில் சொல்லிவிடவும் முடியவில்லை. 2024 பிப்ரவரியில், இதே தருமபுரி மாவட்டத்தில், காட்டு வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்ததாக வழக்குப் பதிவாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இரண்டு பெண்களைக் கைது செய்தார்கள். சொம்பை வைத்து நாம் கூனிக்குறுக வேண்டிய இடம் இது. யாருக்கு அதைக் கொடுக்கவில்லை, ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டுத் தலை குனியலாம். ஒருத்தரைப் பாராட்டியவரைத் திட்டவா அந்தப் பெயர்?

அண்டை அயலிலும் இதே கதைதான் என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலிருந்து கொத்து வேலைக்கும் கட்டட வேலைக்கும் பெங்களூரு போகிறவர்கள் கன்னடச் சொம்பையும் அறிவார்கள். அங்கே ஒருத்தருக்குச் சொம்பு கொடுப்பது என்றால், ஒன்றுமே தராமல் ஏமாற்றி அனுப்புவது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில், மத்திய அரசு கர்நாடகத்துக்குக் கொடுத்தது வெறும் சொம்புதான் என்று காங்கிரஸ் கட்சி பத்திரிகைகளில் சொம்புப் படம் போட்டே விளம்பரம் கொடுத்தது. பாகிஸ்தானில் கட்சி தாவுகிறவருக்கு லோட்டா என்று பட்டம். அங்கே பஞ்சாப் மாகாணச் சட்டமன்றத்தில் 2022 ஏப்ரலில் உறுப்பினர்கள் துணை சபாநாயகர் மேல் லோட்டாக்களையே வீசினார்கள். இருக்கட்டும். கன்னடக்காரர் திட்டுவது வெறும் சொம்பை, உள்ளே தண்ணீர் இல்லையே என்று கேட்கிறார். அதில் ஒரு நியாயம் உண்டு. நாம் திட்டுவது நிறைந்த சொம்பைக் கொண்டுவந்து நீட்டுகிற கையை.

முகத்துதி செய்கிறவர்களைத் திட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பதவியில் இருப்பவரின் காலில் விழுந்து கிடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. அவர்களைத் துதிபாடி என்று சொல்லலாம், கைக்கூலி என்று சொல்லலாம், அல்லக்கை என்று சொல்லலாம், காக்காய் பிடிக்கிறார் என்று சொல்லலாம். தமிழில் வசவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த வார்த்தைகளைச் சொன்னால், எதற்குத் துதிபாடினார், யாரிடம் கூலி வாங்கினார் என்று காரணம் காட்டவேண்டி வரும். ‘சொம்பு’ என்று எறிந்துவிட்டுப் போவதற்கு ஒரு காரணமும் தேவையில்லை. அதனால்தான் அது இத்தனை வேகமாகப் பரவியிருக்கிறது.

இதன் கேடு எதுவரை வந்திருக்கிறது தெரியுமா? எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. கோடையில் அந்த முறையும் தப்பிப்போகிறது. மனு எழுதி, தெருக்காரர்களிடம் கையெழுத்துக் கேட்டுப் போனேன். குடத்தோடு வாசலில் நின்ற ஒரு தம்பி, பேனாவைக் கையில் வாங்கி, யோசித்து, திருப்பிக் கொடுத்துவிட்டான். ‘கையெழுத்துப் போட்டா எதிர்க்கட்சிக்குச் சொம்பு தூக்கறேன்னு சொல்லுவானுங்க அக்கா, வேணாம்’ என்றான். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதையேதான் சொன்னாள். தண்ணீர் வந்ததற்கு நன்றி சொன்னாலும் சொம்பு, வரவில்லை என்று கேட்டாலும் சொம்பு என்றால் ஒரு தெருவில் மனிதர்கள் எதைத்தான் பேசுவது?

மனு என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், மறுபடியும் வீடு வீடாகப் போகிறேன். அந்தத் தம்பி வீட்டிலிருந்தே ஆரம்பிக்கப்போகிறேன்.